கால் வலியும் குடும்ப வியாதியும்: இரத்தச் சோதனை சொல்வது என்ன?

1939 முதல் 1950 வரை மலாயாவில் அடித்துப் புழங்கிய சில்லறைக் காசுகளை இன்னும் சில கடைகளில் பழைய பணப்பெட்டியின் அடியில் காணலாம். அவற்றின் ஒரு புறத்தில் முடி தரித்த தலை ஒன்று இருக்கும். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவர். 1948-ம் வருஷத்தில் அந்த மன்னருக்குக் கால்கள் மரத்துப் போய், கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்று வைத்தியர்கள் அஞ்சினார்கள். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து யாத்திரை நிறுத்தப்பட்டது. 1949 மார்ச்சில் ஜேம்ஸ் லியர்மன்த் என்ற எடின்பரோ சர்ஜன் அரண்மனையிலேயே ரண சிகிச்சை செய்து, இடுப்புப் பக்கத்து நரம்பை வெட்டி, காலுக்குச் சற்றுக் கூடுதலாக இரத்தம் ஓடும்படி செய்தார். கால் தப்பியது. ஆனால் மன்னர் ஓயாமல் ஸிகரெட் பிடிப்பவர். 1951-ல் புற்றுநோய்க்காக அவருடைய ஒரு நுரையீரல் எடுக்கப்பட்டது. 1952 பிப்ரவரியில் தூக்கத்திலேயே இருதயக் குழாய் அடைத்து, 56-வது வயதில் காலமானார்.

கால், நுரையீரல், இருதயம் மூன்றும் ஒரே மனிதரிடத்தில் கெட்டன. இது தற்செயலா, அல்லது ஒரே வேரிலிருந்து கிளைத்ததா என்ற கேள்வியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். பின்னால் அதற்கு வருவோம்.

முதலில் வியாதி இன்னதென்று பார்ப்போம். இருதயத்திலிருந்து சுத்த இரத்தத்தைக் காலுக்குக் கொண்டு போகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து, குழாய் குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது காலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. ஆகவே ஒன்றும் தெரியாது. நடக்கும்போது கெண்டைச் சதை அதிக இரத்தம் கேட்கும். குறுகின குழாய் அதைக் கொடுக்க முடியாது. உடனே வலி பிடிக்கும். இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் வலி விட்டுவிடும். மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வலி வரும் தூரம் இப்படி மாறாமல் இருப்பதே இதன் அடையாளம். வாதத்தினால் வரும் முழங்கால் வலி, நின்ற மாத்திரத்தில் இப்படி ஓடிப்போவதில்லை.

கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு அஞ்சடியோரமாக நடந்து போகும் ஒரு முதலாளியை நினைத்துக் கொள்ளுங்கள். நாலு கடை தாண்டியதும் நிற்கிறார். வலிக்கிறது என்று சொல்லக் கூச்சம். கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் துணியைப் பார்ப்பது போல் பாவனை செய்கிறார். பிறகு நடக்கிறார், இன்னும் நாலு கடை தாண்டி இன்னொரு கண்ணாடி. ஜெர்மானியர் இந்த வியாதிக்குத் தங்கள் பாஷையில் ‘கடைக் கண்ணாடி நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளான நமக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதை முதன் முதல் விவரித்து எழுதியவர் பிரான்ஸ் தேசத்து மிருக வைத்தியர் பூலே. 1831-ல், வண்டி இழுக்கும்போது நொண்டி, ஓய்ந்தால் சரியாகிவிடும் ஒரு குதிரையைப் பார்த்து எழுதினார். மனிதரிடம் இதே நொண்டலை 1858-ல் விவரித்தவர் ஷார்க்கோ என்ற பாரிஸ் டாக்டர். குதிரைக்குக் கண்டுபிடித்து இருபத்தேழு வருஷம் கழித்துத்தான் மனிதன் முறை வந்தது!

உலகத்தில் 2010-ம் வருஷக் கணக்குப்படி இவ்வியாதி உள்ளவர்கள் சுமார் 20 கோடி. அவர்களில் பெரும்பாலோருக்கு மேலே சொன்ன வலிகூடத் தெளிவாக இராது. ‘வயசாகிவிட்டது, கால் ஓய்ந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு நடையைக் குறைத்துக் கொள்கிறார்கள். நடை குறைந்தால் வலியும் குறைகிறது. வியாதி மறைந்து நிற்கிறது. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது மறைய மிகவும் வசதி. கடைசியில் கால் விரலில் ஒரு சிறு புண் ஆறாமல் நின்று, கறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் வீட்டாருக்கே தெரிகிறது.

அப்போது பேச்சு எழுகிறது: “அத்தாவுக்கும் இதே கால்தான் போயிற்று. எங்கள் இரத்தத்தில் இருக்கிறது.” அத்தோடு அந்த மகன் சும்மா இருந்துவிடுகிறான். வேறு சிலர் எதிர்ப்புறம் ஓடுகிறார்கள். பரிசோதனைக் கூடத்தில் பெரிய தொகை கட்டி, நீளமான பட்டியல் ஒன்றை வாங்கி, அதில் ‘ஸி.ஆர்.பி.’ என்ற இடத்தில் சிவப்பு மை விழுந்திருப்பதைப் பார்த்துத் தூக்கம் இழக்கிறார்கள். முன்னவர் ஜீனை நம்பிக் கையை விட்டவர். பின்னவர் காகிதத்தை நம்பிக் கலங்கினவர். இரண்டிலும் எவ்வளவு உண்மை உண்டு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஸ்தாபனத்தில் டில்லெட், பிரான்ஸிஸ் என்ற இருவர், கபவாத ஜுரம் கண்டவர்களின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். அக்கிருமியின் ‘ஸி’ என்று பெயரிடப்பட்ட ஒரு பொருளோடு சேர்ந்து இது படிந்ததால் இந்தப் பெயர். உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும், அதாவது எங்கே உடம்பு தன் காவற்படையை ஏவி உள்ளுக்குள் கனன்று கொண்டிருந்தாலும், இது ஏறும். சளி, பல் ஈறில் சீழ், மூட்டு வாதம், அதிக உடற்பருமன், ஸிகரெட் எல்லாம் இதை ஏற்றும். எங்கே நெருப்பு என்று இது சொல்லாது. நெருப்பு உண்டு என்று மாத்திரம் சொல்லும்.

இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது வெறும் அடைசல் என்றுதான் முன்பு எண்ணியிருந்தார்கள். வடிகாலில் எண்ணெய்ப் பிசுக்கு படிவது போல. அப்படியல்ல என்று இப்போது தெரியும். சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி, வீங்கி, அங்கேயே செத்து, மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. சுவர் ஆறாத புண்ணாகிறது. ஆகவே கால் குழாய் கெடுமுன்பே இரத்தத்தில் ஸி.ஆர்.பி. சற்று ஏறியிருக்குமா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் 1982 முதல் ஆயிரக்கணக்கான ஆண் டாக்டர்களே தங்கள் இரத்தத்தைக் கொடுத்து, உறைய வைத்து, வருஷக்கணக்கில் கண்காணிப்பில் இருந்தார்கள். அவர்களில் பின்னாளில் கால் குழாய் வியாதி வந்த 144 பேரின் பழைய இரத்தத்தை, வராத 144 பேரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு 1998-ல் வெளியிட்டார்கள். ஸி.ஆர்.பி. அதிகம் இருந்த மேல் கால்பங்கினருக்கு, குறைவாயிருந்த கீழ்க் கால்பங்கினரைவிட அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. அப்போது அவர்கள் யாவரும் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் 55 முதல் 74 வயதான ஆண் பெண் 1,592 பேரை 1980-களின் இறுதியிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். கால் குழாய் வருஷா வருஷம் மோசமாகிக் கொண்டு போனவர்களிடம் எந்தப் பொருள் அதிகம் என்று 12 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, இன்டர்லியூகின்-6 என்ற பொருளே மற்றவற்றைவிட உறுதியாக முன்னே நின்றது. இது கல்லீரலுக்கு ‘ஸி.ஆர்.பி. செய்’ என்று கட்டளை கொண்டு போகும் தூதன். இரத்தத்தை உறைய வைக்கும் பைப்ரினோஜன் என்ற புரதமும் இந்த நோயாளிகளிடம் உயர்ந்தே காணப்படும். அதையும் செய்வது கல்லீரல்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஸி.ஆர்.பி. அதிகமாயிருப்பவருக்கு வியாதி வருகிறது என்றால், ஸி.ஆர்.பி.தான் குழாயைக் கெடுக்கிறதா? அல்லது குழாய் கெட்டதால் ஸி.ஆர்.பி. ஏறிற்றா? அல்லது ஸிகரெட் என்ற மூன்றாமவன் இரண்டையும் செய்தானா? பல வருஷம் டாக்டர்கள் இதில் அடித்துக் கொண்டார்கள். தீர்ப்புச் சொன்னது ஜீன்.

மரபணு என்று இப்போது பத்திரிகைகள் எழுதும் ஜீன் என்பது, தாய் தந்தையரிடமிருந்து வந்த எழுத்துக் கட்டளை. மனித உடம்பின் கட்டளைப் புத்தகம் சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. எனக்கும் உங்களுக்கும் ஆயிரத்துக்கு ஓரெழுத்து வீதம் வித்தியாசம் இருக்கும். பெரும்பாலான வித்தியாசம் ஒன்றும் செய்யாது. சில, ஒரு புரதத்தைச் சற்று அதிகமாகவோ குறைவாகவோ செய்ய வைக்கும். ஸி.ஆர்.பி. ஜீனிலும் இப்படிப்பட்ட வித்தியாசங்கள் உண்டு. சிலர் ஒரு வியாதியும் இல்லாமலே, பிறவியிலேயே ஸி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாக உடையவர்கள். ஸிகரெட் பிடிப்பதும் பிடிக்காததும் நாமே தேர்ந்து கொள்வது. பிறவி எழுத்தோ குலுக்கலில் விழுவது. பணக்காரன் ஏழை, புகைப்பவன் புகைக்காதவன் என்று அது பார்ப்பதில்லை. எனவே இவர்களைக் கொண்டு உண்மையைச் சோதிக்கலாம். ஸி.ஆர்.பி.யே குற்றவாளியாயின், பிறவியிலேயே அது அதிகமுள்ளவர்களுக்கு வியாதியும் அதிகம் வர வேண்டும் அல்லவா?

டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் நகரத்தார் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2008-ல் விடை சொன்னார்கள்: வரவில்லை. வேறு பெரிய கூட்டங்களில் இருதய நோயைப் பார்த்தவர்களுக்கும் அதே விடைதான் கிடைத்தது.

கடைத் தராசை நினைத்தால் இது உடனே விளங்கும். தராசில் முள் ஏறினால் மூட்டை கனமென்று அறிகிறோம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கால் கிலோ கூட்டிக் காட்டும் தராசு ஒன்று இருந்தால், அதனால் அரிசி கூடிவிடுமா? முள்ளைக் கையால் அழுத்திக் குறைத்தால்தான் அரிசி குறையுமா? ஸி.ஆர்.பி. முள் மாத்திரமே. மூட்டை வேறு.

அப்படியானால் அழற்சிக்கே இதில் பங்கில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. முள்ளை விட்டு, தூதனைப் பார்த்தார்கள். இன்டர்லியூகின்-6 தன் கட்டளையைக் கொடுக்க அணுக்களின் மேல் ஒரு வாங்கி வேண்டும். அந்த வாங்கியின் ஜீனில் ஓரெழுத்து மாறியவர்களுக்குக் கட்டளை சற்று மந்தமாகவே கேட்கிறது. 2012-ல் இரண்டு பெரிய கூட்டு ஆராய்ச்சிகள் வெளியாயின. அந்த எழுத்து உடையவர்களுக்கு ஸி.ஆர்.பி.யும் குறைவு, இருதயக் குழாய் வியாதியும் குறைவு. ஒரு பிரதிக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் குறைவு என்றாலும், திசை தெளிவாகத் தெரிந்தது. நெருப்பு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

பிறகு மருந்தால் சோதித்தார்கள். இன்டர்லியூகின்-6-க்கும் மேலே இருக்கும் ஒரு தூதனை மறிக்கும் கனாகினுமாப் என்ற ஊசியை, மாரடைப்பு வந்து தேறிய சுமார் 10,000 பேரை வைத்துச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கொலஸ்டிரால் அணுவளவும் குறையாமல் இருக்க, நடு அளவில் ஊசி பெற்றவர்களிடம் மாரடைப்பு முதலியவை நூற்றுக்கு 15 வீதம் குறைந்தன. ஆனால் காவற்படையை அடக்கினால் திருடன் புகுவான். கிருமி தொற்றி இறந்தவர் தொகை சற்றுக் கூடியது. விலையும் சாமானியருக்கு எட்டாதது. ஆகவே இக்காரியத்துக்கு அது கடைக்கு வரவில்லை.

இந்த வரிசையில் மலிவான மருந்து ஒன்றுண்டு, கோல்ச்சிஸீன். கௌட் என்னும் மூட்டு வாதத்துக்குப் பன்னெடுங்காலமாகக் கொடுப்பது. நம்மில் பலருக்கு இதன் செடி தெரியும்: கார்த்திகைப் பூ என்றும் செங்காந்தள் என்றும் சொல்கிறோமே, தமிழ்நாட்டின் மாநிலப் பூ, அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே சரக்குதான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். 2020-ல் வந்த ஆராய்ச்சி, இருதய நோயாளிகளுக்குச் சிறு அளவு கோல்ச்சிஸீன் நன்மை செய்வதாகக் கூறியது. 2023-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதியும் கொடுத்தது. 2024-ல் வந்த மற்றொரு பெரிய ஆராய்ச்சியோ, மாரடைப்பு வந்த உடனே கொடுத்ததில் பலன் காணவில்லை என்றது. ஊருக்குப் போகும்போது யாராவது கிழங்கை இடித்துத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள். அது கொல்லும் விஷம்.

இனிக் குடும்ப வியாதி என்னும் பேச்சுக்கு வருவோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஸ்வீடன் தேசத்து இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2011-ல் எழுதியவர்கள், இவ்வியாதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பாதிக்குச் சற்று மேல் பிறவியைச் சேர்ந்தது என்று மதிப்பிட்டார்கள். இதை ‘எனக்குப் பாதி நிச்சயம்’ என்று படிப்பது தப்பு. ஒரு ஜனக்கூட்டத்தினுள் இருக்கும் வித்தியாசத்தின் கணக்கு அது. தனி மனிதனின் தலையெழுத்து அல்ல.

அமெரிக்கப் பழைய படைவீரர் சுமார் 2,40,000 பேரின் ஜீன்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டதில், கால் குழாய் வியாதியோடு சம்பந்தப்பட்ட 19 இடங்கள் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை இருதயக் குழாயையும் மூளைக் குழாயையும் சேர்த்தே தாக்குபவை. சில இடங்கள் கொலஸ்டிராலைச் சேர்ந்தவை. ஒன்று இரத்தம் சீக்கிரம் உறையச் செய்யும் ‘பாக்டர் பைவ் லைடன்’ என்னும் மாற்றம். ஐரோப்பியரிடம் காணப்படும் இது இந்தியரிடமும் சீனரிடமும் அபூர்வம். இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் கொழுப்பின் ஜீன். 1963-ல் நார்வே தேசத்து பெர்க் கண்டுபிடித்தது. பத்தியத்தால் இது ஏறாது, இறங்காது. பிறவியில் விழுந்த அளவுதான். இந்தியத் துணைக்கண்டத்தாரிடம் ஐரோப்பியரைவிடச் சராசரி அதிகம். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ கால் அடைப்போ கண்டிருந்தால், ஆயுளில் ஒரு முறை இதைச் சோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பது வீண் செலவாகாது. ஜீன் வரைபடம் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மற்ற சோதனைகளுக்கு, கால் விஷயத்தில், நான் ஒரு வெள்ளியும் கொடுக்க மாட்டேன்.

மிகவும் வியப்பான இடம் பதினைந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. ஐஸ்லாந்து தேசத்தார் 2008-ல் கண்டது. அங்கே ஓரெழுத்து மாறினவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் அதிகம். கால் குழாய் அடைப்பும் அதிகம். அந்த ஜீன் குழாயைச் சேர்ந்ததா, நுரையீரலைச் சேர்ந்ததா? இரண்டுமில்லை. புகையிலையின் நிகோடினை வாங்கிக் கொள்ளும் மூளை வாங்கியைச் சேர்ந்தது! அந்த எழுத்துள்ளவர் ஸிகரெட்டைத் தொட்டால் மற்றவரைவிட அதிகம் பிடிப்பார். விடுவது அவருக்குக் கடினம். கால் கெடுவது அந்த வழியாகத்தான் என்பது பெரும்பான்மையோர் அபிப்பிராயம். ஆறாம் ஜார்ஜ் மன்னரிடம் அந்த எழுத்து இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் காலும் நுரையீரலும் ஒரே ஆளிடம் கெடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. ‘இரத்தத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் மகன் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அத்தாவிடமிருந்து அவனுக்கு வந்தது இந்த எழுத்தாக இருக்குமானால், புகையிலையைத் தொடாத வரையில் அது பெரும்பாலும் வெற்றெழுத்து.

நம்மவர்க்கு ஸிகரெட்டை அடுத்த பெரிய பகை சர்க்கரை. சிங்கப்பூரில் 2010-ல் எடுத்த சுகாதாரக் கணக்கில் நீரிழிவு இந்தியரிடம் நூற்றுக்கு 17, மலாய்க்காரரிடம் ஏறக்குறைய அதே அளவு, சீனரிடம் 10-க்குள். சென்னையில் 2000-ம் வருஷம் வெளியான ஒரு கணக்கில் கால் குழாய் அடைப்பு மொத்தத்தில் நூற்றுக்கு 3.2, நீரிழிவுக்காரரிடம் 6.3. சர்க்கரை நரம்பையும் மரக்கச் செய்வதால் வலி தெரியாது. எச்சரிக்கை மணி அறுந்து போன வீடு போலாகிவிடும் கால். ஒளுச் செய்ய நாம் தினமும் பல முறை காலைக் கழுவுகிறோம். கழுவும் கையோடு விரலிடுக்கையும் குதிகாலையும் பார்த்துக் கொண்டால் சிறு புண்கூடத் தப்பாது.

ஸி.ஆர்.பி. சோதனை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நுண்ணளவுச் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் நல்லது. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் அபாயம் அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். 10-க்கு மேல் போனால் குழாயை நினைத்துப் பயப்பட வேண்டாம். வேறெங்கோ ஜுரமோ சீழோ இருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எண்ணைக் குறைக்க மருந்து தேடாமல், எண்ணை ஏற்றுவதைத் தேட வேண்டும்.

கால் குழாயை நேரே சோதிக்க இதைவிட எளிய வழி உண்டு. 1950-ல் வின்ஸர் என்ற டாக்டர் சொன்ன முறை. கையில் இரத்த அழுத்தம் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பார்த்து, காலின் எண்ணைக் கையின் எண்ணால் வகுப்பது. கையில் 140, காலில் 98 என்றால் 0.70. இது 0.90-க்கு மேற்படாமல் இருந்தால் அடைப்பு உண்டு. நெடுநாள் நீரிழிவுக்காரருக்குக் குழாய் சுண்ணம் பிடித்து இறுகி, 1.40-க்கு மேல் பொய்யாகக் காட்டக்கூடும். அவருக்குக் கட்டைவிரலில் அழுத்தம் எடுப்பார்கள். ஊசி குத்துவதில்லை, வலியில்லை, கால் மணி நேர வேலை. ஐம்பது வயது தாண்டிய புகைப்பவர்களும் நீரிழிவுக்காரரும் டாக்டரிடம் இதை வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் எடுப்பதில்லை.

அடைப்பு உண்டென்று தெரிந்தால், ஸ்டாட்டின் மாத்திரையும் இரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையும் டாக்டர் கொடுப்பார். அவற்றை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். அதோடு நடை. வலி வரும் வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடந்து, இப்படி அரை மணி முதல் முக்கால் மணி வரை, வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல், 12 வாரம். வலி வந்தால் குழாய் கிழிந்துவிடும் என்று பயப்படுபவர் உண்டு. அது வீண் பயம். சதை குறைந்த இரத்தத்தைக் கொண்டே வேலை செய்யப் பழகுகிறது. அதிக தூரம் நடக்கவும் முடிகிறது. ஆனால் படுத்திருக்கும்போதே வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதென்றால், அல்லது விரல் கறுத்தால், நடையை நிறுத்தி அந்த வாரமே டாக்டரைக் காண வேண்டும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, அசைக்க முடியாமல் வலித்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வைக்காவிட்டால் சதை செத்துவிடும். கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.